இடப்பக்கத்து ஸ்டியரிங்

"என்ன மேக் கார்?"

பொலிஸ் நிலையத்தில் மூன்றாவது ஆளும் பாலேஸ்வரியிடம் அதையே கேட்டார். காரைப் பார்த்தேன் என்கிறாள். என்ன கார் என்றால் விழிக்கிறாள். நம்பர்த் தகடு இல்லை. நிறம் சாம்பல். அதற்குமேல் அவளிடம் பெயர்கள் இல்லை.

"எனக்குக் கார் பேர் தெரியாது ஐயா. முன்பக்கம் தவளை மூஞ்சி மாதிரி. பின்பக்கம் பெட்டி மாதிரி. பின்கதவு ஒண்டு மட்டும் வேற ஏதோ காரின்ர கதவு. சட்டைக்கு வேற துணியில கை தைச்ச மாதிரி."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டுப் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் சொன்னார்: "தவளைக் கார் ஒன்றில் புருஷனைக் கொண்டுபோனார்களாம்." இருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது கோபப்பட அவளுக்கு ஓரிடம் கிடைத்திருக்கும்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. கொழும்பில் குண்டு வெடித்த பிறகு, வடக்கில் பிறந்த ஊர் அடையாள அட்டையில் இருந்தாலே பிடித்துப்போகப் போதும் என்றிருந்த காலம். பாலேஸ்வரியின் கணவர் ஆறுமுகநாதன் நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைபவர். வாய்க்காலும் மதகும் வரைந்து வரைந்தே கண் போய், தடித்த கண்ணாடி போட்டவர். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது மனைவியா தூணா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். மாத்தளைக்கு மாற்றலாகி வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். அவள் பெண்கள் பாடசாலையில் மனையியல் படிப்பித்தாள். பிள்ளைகள் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சாதாரண உடையில் நான்கு பேர் வந்தார்கள். சின்ன விசாரணை, பின்னேரம் கொண்டுவந்து விடுகிறோம் என்றார்கள். சாரத்தோடும் சட்டையோடும் அவரைக் கூட்டிப்போனார்கள். ஒருவன் மட்டும் பின்தங்கி, பாலேஸ்வரியைப் படுக்கையறைக்குள் தள்ளினான். வீதியைப் பார்த்த ஜன்னல் அங்கே திறந்திருந்தது.

"வெளியே பார்க்காதே. அலுமாரிப் பக்கம் திரும்பி நில்."

திரும்பி நின்றாள். அது அவளுடைய சீதன அலுமாரி. அதன் கதவு முழுவதும் கண்ணாடி. அவள் தினமும் சேலை உடுத்திப் பொட்டு வைப்பது அதன் முன்னால்தான். வாசலில் நின்றவன் அதை யோசிக்கவில்லை. முதுகுப்புறமிருந்த ஜன்னல் முழுவதும் அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. படலையடியில் நின்ற கார் தெரிந்தது. சாரதி, வீட்டைப் பார்த்த கார் ஜன்னலில் முழங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் புருஷனைத் தலையை அமுக்கிப் பின்னால் ஏற்றினார்கள். அந்த வேற்றுக் கதவு சரியாகப் பூட்டவில்லை. இரண்டு தடவை அடித்துச் சாத்தினார்கள். பின்தங்கியவனும் வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஏறினான். அவன் சொன்னபடியே அவள் திரும்பாமல் நின்றாள். கார் இடப்பக்கமாக நகர்ந்து மறைந்தது.

அவர்கள் வீட்டு ஜன்னலில் நின்றால் இடப்பக்கம் கண்டி, வலப்பக்கம் தம்புள்ளை. கார் கண்டிப் பக்கம் போயிற்று என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

பொலிஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்தவளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கால்கள்தான் அவளைக் கடைத்தெரு வழியே கொண்டுபோயின. புஹாரியின் பான்ஸிக் கடை வாசலில் அந்தக் கால்களும் நின்றுவிட்டன.

நூல், பொத்தான், வளையல், பாடசாலைச் சாமான் விற்கிற கடை அது. மனையியல் வகுப்புக்கு அவள் ஊசிநூல் வாங்குவதும் அங்கேதான். வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கையகலத்தில் சின்னச் சின்னக் கார்கள் நின்றன. அவை விற்பனைக்கு அல்ல. புஹாரி குவைத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்த காலத்தில், வெள்ளிக்கிழமைப் பொழுது போக ஒரு பிலிப்பீனோக்காரனிடம் பழகிக்கொண்ட வேலை. பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும் ப்ளாஸ்டிக் பாகங்களை வெட்டி, ஒட்டி, வர்ணம் பூசி, உண்மைக் காரை அப்படியே சிறிதாக்கி நிறுத்துவார். வருஷக்கணக்காக அந்தப் பெட்டியைக் கடந்துபோன பாலேஸ்வரி அன்றுதான் அதைப் பார்த்தாள்.

"நானா," என்றாள். "இதுதான். இந்த மூஞ்சிதான்."

புஹாரி எழுந்து வந்தார். அவள் வீட்டில் நடந்தது ஊருக்கே தெரியும். தெரிந்ததால்தான் பலர் அவளைக் கண்டதும் எதிர்ப்பக்கம் கடந்து போனார்கள்.

"இது மொரிஸ் மைனர் டீச்சர்."

"ஆனா முழுக்க இது இல்ல. பின்பக்கம் இப்பிடி உருண்டையா இறங்கேல்ல. அங்க நிக்கிது பாருங்கோ, அந்த நீலம், அது மாதிரிச் சதுரம். ஆனா அதுவும் இல்ல."

புஹாரி வீதியை ஒருதரம் பார்த்தார். பிறகு கடைக்குள் பார்த்தார். "உள்ளுக்கு வாங்க. வெயில்ல நிக்க வாணாம்," என்றார். உள்பக்கம் திரும்பி, "ஸுபைதா! இங்க வந்து இரிங்க கொஞ்சம். டீச்சர் வந்திரிக்காங்க," என்று கூப்பிட்டார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. ஸுபைதா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வந்து, விஷயத்தைக் கேட்டதும் புருஷனை ஓரமாகக் கூப்பிட்டாள். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாள்.

"நமக்கும் புள்ளைகள் இரிக்கி. இதெல்லாம் தேவையா?"

"பொம்மைக் கார் செய்றது குத்தம்னு எந்தச் சட்டத்துல இரிக்கி?"

"பொம்மைக்கா இவங்க வந்திரிக்காங்க?"

ஸுபைதா பாலேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய் ப்ளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு பாலேஸ்வரி வந்த ஒவ்வொரு பின்னேரமும் ஸுபைதா அந்த நாற்காலியில் இருந்தாள்.

வேலை தொடங்கியது. பாடசாலை விட்டதும் பாலேஸ்வரி வருவாள். புஹாரி கண்ணாடிப் பெட்டியிலிருந்த மொரிஸை எடுத்து, மெல்லிய வாளால் முன்பாதியை அறுத்தார். மாதக்கணக்காகச் செய்த கார் அது. அறுக்கும்போது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டதை பாலேஸ்வரி கவனித்தாள். பிறகு மேல் தட்டிலிருந்து பிரிக்காத ஒரு ஜப்பான் பெட்டியை எடுத்துப் பிரித்தார். நீளமான சதுரப் பின்பக்கம் உள்ள வண்டி. அதன் பின்பாதியை மொரிஸின் முன்பாதியோடு வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒட்டவில்லை. ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம்.

"தோள் இறங்கோணும் நானா," என்றாள் பாலேஸ்வரி. "அளவு பெருத்த சட்டைக்குப் பக்கத்தில பிடிச்சுத் தைப்பமே, அப்பிடிப் பிடிச்சிருந்தது. பிடிச்ச இடத்தில ஒரு மேடு."

"மேடா? அப்ப அது பட்டி பூசின இடம். பத்த வச்சி, பட்டி பூசித் தேய்ச்சிரிக்காங்க. இது ரெண்டு காரை வெட்டி ஒண்டாக்கின வண்டி டீச்சர். நான் செய்ற வேலையத்தான் எவனோ நெசக் கார்ல செஞ்சிரிக்கான்."

"ரெண்டா? மூண்டு. கதவு வேற."

மூன்றாவதாக ஓர் இத்தாலிப் பெட்டி பிரிந்தது. அதிலிருந்த கதவுகளில் ஒன்றைப் பார்த்ததும் பாலேஸ்வரி கையை வாயில் வைத்துக்கொண்டாள். முக்கோணச் சின்னக் கண்ணாடி, கைப்பிடி மற்றக் கதவுகளைவிடத் தாழ்வாக.

"குவைத்ல சண்டை வந்து எல்லாரும் ஓடி வாறாங்க," என்று ஸுபைதா அவளைப் பேச்சில் திருப்பப் பார்த்தாள். "ஒருத்தர் டீவி, ஒருத்தர் தங்கம். இந்த மனுஷன் மூட்டைய அவிழ்த்தா, காகிதப் பெட்டியா வருது. இவரு என்னைய நிக்காஹ் பண்ணினதே தப்பு. ப்ளாஸ்டிக்கத்தான் பண்ணிரிக்கணும்."

"அதுக்கு மஹர் குடுத்து முடியாதே," என்றார் புஹாரி, கதவை அரத்தால் தேய்த்துக்கொண்டே. பாலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. வந்ததுமே, புருஷன் எங்கேயோ எப்படியோ இருக்கும்போது தனக்கு எப்படிச் சிரிப்பு வந்தது என்று தலையைக் குனிந்துகொண்டாள். ஸுபைதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாரதி எந்தப் பக்கம் இருந்தான்?" என்று கேட்டார் புஹாரி.

"வீட்டுப் பக்கம். முழங்கை வெளியால நீட்டியிருந்தான்."

"கார் மூக்கு எந்தப் பக்கம்?"

"கண்டிப் பக்கம்."

புஹாரி காரை மேசையில் வைத்து, மூக்கைக் கண்டிப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "அப்ப வீட்டுப் பக்கம் வாறது காருட இடப்பக்கம். ஸ்டியரிங் இடப்பக்கம் இரிக்கி." இந்த நாட்டில் யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டிருக்கும். புஹாரிக்குப் படவில்லை. பத்து வருஷத்துக்குமேல் அவர் குவைத்தில் இடப்பக்கத்து ஸ்டியரிங் பிடித்தவர். இத்தாலிப் பெட்டியில் டாஷ்போர்டும் இடப்பக்கத்து ஸ்டியரிங்கோடுதான் வந்திருந்தது. வேலை சுலபமாயிற்று. அதையே ஒட்டினார். வேற்றுக் கதவை இடப்பக்கப் பின்னால் வைத்தார்.

சைக்கிளுக்கு அடிக்கும் சாம்பல் வர்ணம் பூசி முடித்தபோது பாலேஸ்வரி அதைத் தொடப் பயந்தாள். அவ்வளவு அதுவாக இருந்தது.

அதைத் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவள் அலைந்த அலைச்சலைச் சொல்லி மாளாது. கண்டியில் கார் திருத்துமிடம் ஒவ்வொன்றாக ஏறினாள். "லெஃப்ட் ஹேண்ட் வண்டியா? இங்க ஏது?" என்றார்கள். ஒருவர் சிரத்தையாக வாங்கிப் பார்த்துவிட்டு, "எம்பசி வண்டியா இருக்கும் அம்மா, கொழும்புல கேளுங்க" என்றார். கொழும்புக்குப் போனாள். தங்க இடமில்லாமல், அடையாள அட்டையைக் காட்டிக் காட்டிக் களைத்துப்போய், ரயிலில் திரும்பி வந்தாள். கண்டி வழியில் உள்ள முகாம் வாசல்களில் நின்றாள். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்ற ஒரே பதிலை வெவ்வேறு குரல்களில் கேட்டாள். பொலிஸில் அந்தச் சின்னக் காரை மேசைமேல் வைத்தபோது, ஒருவர் அதை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்துவிட்டு, "சில்லு நல்லாச் சுத்துது" என்றார்.

செஞ்சிலுவைக்காரர்களிடமும் போனாள். அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். "எந்த இடம் என்று தெரிந்தால் நாங்கள் போய்க் கேட்கலாம். தெரியாமல் எங்கே போய்க் கேட்பது?" என்றார்கள். அந்த மரியாதை அவளை இன்னும் நொறுக்கியது.

மழைக்காலம் வந்தது. முத்துமாரியம்மன் கோயிலில் அவள் இப்போது எதுவும் கேட்பதில்லை. நின்றுவிட்டு வருவாள். அதிபர் நல்ல மாதிரி மனிதர். கொஞ்ச நாள் லீவு எடுங்கள் டீச்சர் என்றார். வகுப்பில் கொழுக்கி வைக்க வேண்டிய இடத்தில் பொத்தான் துளை வெட்டிக் காட்டியதை அவளே அப்போதுதான் உணர்ந்தாள். வீட்டில் அவருடைய சாரம் கொடியிலேயே கிடந்தது. எடுத்து மடித்தால் என்னவோ முடிந்துபோகும் என்று தொடாமலே விட்டாள். சமைப்பதை நிறுத்தினாள். உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வியை மனதுக்குள்கூட முழுதாகக் கேட்க அவளுக்குத் துணிவில்லை. பாதியில் நிறுத்திவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. கோயிலுக்குப் போகத் தலை சீவ அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். சின்னக் காரை முந்தினநாள் ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள், மூக்கைக் கண்டிப் பக்கம் பார்க்கவிட்டு. சீப்பைத் தலையில் வைத்தவள் அப்படியே நின்றாள்.

கண்ணாடிக்குள் ஜன்னல் இருந்தது. ஜன்னலில் கார் இருந்தது. அன்று பார்த்த அதே இடத்தில் அதே கார். ஆனால் அதன் மூக்கு வலப்பக்கம் பார்த்தது.

அன்று அது இடப்பக்கம்தான் போயிற்று. அவள் சத்தியம் பண்ணுவாள்.

திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். இடப்பக்கம். மறுபடி கண்ணாடி. வலப்பக்கம். காரை எடுத்து, மூக்கைத் தம்புள்ளைப் பக்கம் திருப்பி வைத்தாள். ஓடிவந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். இப்போது கண்ணாடிக்குள் கார் இடப்பக்கம் பார்த்தது. அன்று போலவே.

"ஐயோ," என்றாள். "ஐயோ, என்ர ராசா."

பல மாதம் அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அவரைத் தம்புள்ளைப் பக்கம் கொண்டுபோக, அவள் கண்டிப் பக்கம் தேடியிருக்கிறாள். கண்ணாடியில் பார்த்ததை ஜன்னலில் பார்த்ததாகவே மனது எடுத்து வைத்துக்கொண்டது. ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் அழுதாளோ. பிறகு முடியைக்கூட முடியாமல், காரை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள்.

புஹாரி ஜும்மாவுக்குப் போகக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டதும் சாவியோடு அப்படியே நின்றார்.

"கண்ணாடியிலயா பாத்தீங்க?"

"ஓம் நானா. திரும்பி நிக்கச் சொன்னாங்க. என்ர புத்தி..."

"உங்கட புத்தி இல்ல டீச்சர். என்ட புத்தி." புஹாரி காரை வாங்கி நெற்றியில் தட்டிக்கொண்டார். "மூக்கு தம்புள்ளைப் பக்கம்னா வீட்டுப் பக்கம் வாறது வலப்பக்கம். ஸ்டியரிங் வலப்பக்கம். இந்த நாட்டு வண்டி! அல்லாஹ்வே, இலங்கையில இடப்பக்கத்து ஸ்டியரிங்க ஒட்டக்குள்ள நானாவது யோசிச்சிரிக்க வாணாமா? குவைத்ல இருந்து உடம்பு மட்டும்தான் வந்திரிக்கி."

தொழுகை முடிந்து வந்ததும் அவர் முதலில் செய்தது, மேல் தட்டில் தனியாகத் துணி போர்த்தி வைத்திருந்த ஒரு பெட்டியை இறக்கியதுதான். சண்டைக்குள் பாலைவனம் கடந்து வந்தபோது அவர் மடியில் வைத்துக்கொண்டு வந்த பெட்டி அது. பிரிக்கவே மாட்டார். பெருநாளைக்கு மூடியைத் திறந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

"அதையா?" என்றாள் ஸுபைதா.

"இதுலதான் வலப்பக்கத்து டாஷ்போர்டு இரிக்கி. கதவை மாத்தினா அந்தப் பக்கம் வெறும் ஓட்டை. அதுக்கும் இதுல இருந்து எடுக்கணும்." உறையைக் கிழித்தார். கிழிக்கும் சத்தத்துக்கு மேலாகச் சொன்னார், "பெட்டி என்னத்துக்கு? உள்ளுக்கு இருக்கிறத்துக்குத்தானே."

இறைவன் பெரிய கதவுகளை எப்போது திறப்பான் என்று நமக்குத் தெரியாது. சின்னக் கதவுகளை மனிதர் கையில் விட்டிருக்கிறான். அன்று பின்னேரம் புஹாரி ஒரு சின்னக் கதவை இடப்பக்கமிருந்து அறுத்தெடுத்து வலப்பக்கத்தில் வைத்து ஒட்டினார்.

ஸுபைதாவின் தம்பி ஜைனுதீன் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி லொறி ஓட்டுபவன். வாய்த்துடுக்குக்காரன். "மச்சான், கலியாண வயசுல எனக்குப் பொம்மை தாறீங்களா?" என்று காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. காரைக் கொண்டுபோய், லொறியின் முன்கண்ணாடிக்கு உள்ளே, துஆ எழுதிய தகட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தான்.

"யாரும் கேட்டா, மகனுக்கு வாங்கினதுன்னு சொல்றன். மகன் பொறகு பொறக்கட்டும். ரோட்டுல ஓடுற வண்டின்னா, லொறிக்காரன் கண்ணுக்குத் தப்பாது."

ஒரு கிழமை போயிருக்கும். ஜைனுதீன் லொறியைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். "லாத்தா, டீச்சரக் கூப்பிடுங்க. நாலந்தாவுக்குப் போகணும். நீங்களும் வாங்க, அவங்க தனிய வர வாணாம்."

நாலந்தாவில் பெரிய வீதியோரம், தகரக் கூரைக்குக் கீழே கார் தட்டித் திருத்துமிடம். அங்கே வேலை செய்பவர் பழனிமுத்து. எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வந்தவர். லொறிக்குள் எட்டிப் பார்த்து, "இந்தப் பொம்மைய எங்க வாங்கினீங்க?" என்று அவராகத்தான் கேட்டாராம். இப்போது பாலேஸ்வரியைக் கண்டதும் அவர் முகம் மாறிற்று. ஜைனுதீன் எடுத்துக் கொடுத்த காரைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் அந்த வேற்றுக் கதவைத் தடவினார்.

"இந்தக் கதவு ஒரு தடவையில பூட்டாதுங்க," என்றார். "கீலு கீழ எறங்கிருச்சு. ரெண்டு தடவ அடிச்சுச் சாத்தணும்."

பாலேஸ்வரி ஸுபைதாவின் தோளைப் பற்றிக்கொண்டாள். இரண்டு தடவை அடித்துச் சாத்தியதை அவள் எவரிடமும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தை வெளியே சொல்ல அவளால் முடிந்ததே இல்லை.

"நீங்க வைச்ச கதவா?" என்றாள்.

"நான்தாங்க வச்சேன். மூஞ்சியும் நான் வச்சதுதான். அடிபட்டு வந்த வண்டி, கெடைச்சதெல்லாம் வச்சுத் தட்டினேன்." பழனிமுத்து காரை மேசைமேல் வைத்தார். வீதியைப் பார்த்தார். கையிலிருந்த எண்ணெய்த் துணியால் சுத்தமான கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "நான் புள்ளகுட்டிக்காரன் தாயி."

"தெரியும் அண்ணன்," என்றாள் பாலேஸ்வரி. அதற்குமேல் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. சின்னக் காரை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு லொறிப் பக்கம் நடந்தாள்.

"வஹகோட்டை," என்றார் பழனிமுத்து பின்னாலிருந்து. "அந்தோனியார் கோயிலத் தாண்டினா ஒரு பலாமரம். அதுக்கு எதிர் வீடு. ஹயருக்கு ஓடுற வண்டிங்க. அந்த மனுசன் கெட்டவரு இல்ல. கெட்டவங்க கேட்டா வண்டியக் குடுக்காம முடியுமா?"

வஹகோட்டையில் அந்த வீட்டு முற்றத்தில் கார் நின்றது. சாம்பல் நிறம். தவளை மூஞ்சி. பாலேஸ்வரியால் அதைக் கடந்து போக முடியவில்லை. ஸுபைதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பின்கதவைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்காரர் வெளியே வந்தார். ஜைனுதீன் சிங்களத்தில் பேசினான். தனக்கு ஒன்றும் தெரியாது, கார் எங்கேயும் போகவில்லை, அந்த நாட்களில் காரே ஓடவில்லை என்று அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பொய் சொல்லிப் பழகாத மனிதர். ஒரே பேச்சில் மூன்று விதமாகச் சொன்னார். பாலேஸ்வரி கைப்பையிலிருந்து சின்னக் காரை எடுத்து, பெரிய காரின் முன்மூடிமேல் வைத்தாள். மனிதர் அதைப் பார்த்தார். தன் காரே குட்டி போட்டது போல அது அங்கே நின்றது.

அவர் மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழேயிருந்து ஒரு கைலேஞ்சி முடிச்சை எடுத்து வந்து, புருஷனைப் பார்க்காமலே பாலேஸ்வரியின் கையில் வைத்தாள். அவிழ்த்தால் கண்ணாடி. தடித்த கண்ணாடி. ஒரு காது நூலால் கட்டியிருந்தது. அந்த நூலைக் கட்டியவள் பாலேஸ்வரிதான்.

"கார் திரும்பி வந்தபோது சீற்றுக்குக் கீழே கிடந்தது," என்றாள் அந்தப் பெண் சிங்களத்தில். "யாரோ ஒரு மனிதன் கண் தெரியாமல் இருப்பான் என்று தினமும் சொல்லி மெழுகுதிரி கொளுத்தினேன் நோனா."

அப்போதுதான் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்தார். காரைச் சில நாட்களுக்குக் கேட்டார்கள் என்றார். கொடுத்தேன் என்றார். திரும்ப எடுத்துப்போக வரச் சொன்ன இடத்தைச் சொன்னார். தம்புள்ளைக்கு அப்பால், பழைய நெல் களஞ்சியம் ஒன்று. இப்போது முகாம்.

செஞ்சிலுவைக்காரர்களிடம் அந்த இடத்தின் பெயர் போயிற்று. அவர்கள் எழுதிக் கேட்க நாளாகும் என்றார்கள். பாலேஸ்வரியால் அந்த நாளைப் பொறுக்க முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் ஜைனுதீனின் லொறியிலேயே ஸுபைதாவோடு போய் அந்த வாசலில் இறங்கினாள்.

வாசலில் ஒரு சிப்பாய். இருபது வயதுதான் இருக்கும். அவள் பெயரைச் சொன்னதும், கேட்டுக் கேட்டுப் பழகிய அதே பதிலைச் சொன்னான்.

"அப்படி ஒருவர் இங்கே இல்லை."

பாலேஸ்வரி தலையை ஆட்டினாள். கைலேஞ்சியை அவிழ்த்துக் கண்ணாடியை நீட்டினாள். "இருந்தால் இதைக் கொடு மகன்," என்றாள் சிங்களத்தில். "இது இல்லாமல் அவருக்குச் சோறும் தெரியாது, தண்ணியும் தெரியாது. இல்லையென்றால் திருப்பிக் கொண்டுவந்து என்னிடமே தந்துவிடு. நான் ஒன்றும் கேட்கமாட்டேன்."

அவன் கண்ணாடியைப் பார்த்தான். நூல் கட்டிய காதைப் பார்த்தான். உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, "போங்கள், நிற்க வேண்டாம்" என்றான். அவள் போகவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. வெயில் ஏறியது. மரக்கறி லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஸுபைதா லொறிக்குள்ளிருந்து உதடசைத்து ஓதிக்கொண்டிருந்தாள். இன்னொரு சிப்பாய் காவலுக்கு மாறி வந்ததும், முதலாமவன் அவள் பக்கமாக வந்து, யாரையும் பார்க்காதவன்போல அவள் கையிலிருந்ததைச் சட்டென்று எடுத்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

அவள் நின்றாள். இப்போது ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவன் அந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது.

அவன் வந்தான். தூரத்திலிருந்தே அவள் பார்த்தது அவன் கைகளைத்தான். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. சட்டைப் பை தட்டையாக இருந்தது. அருகில் வந்து, துப்பாக்கியைத் தோளில் சரிசெய்கிறவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"தெரிகிறதாம் அம்மா."